வரிசையில் அப்பாவின் இடம்

திங்கள், 3 நவம்பர்

விடியற்காலையிலிருந்தே மழை. புக்கிட் பாஞ்சாங் நிலையத்துக்குப் போவதற்குள் குடை உடைந்தது. தெம்பனிஸ் போய்ச் சேரும்வரை காலுறை ஈரம். முதியோர் அவசர அழைப்பு மையத்தில் ஏழு மணி ஷிப்ட்.

காலை அழைப்புகள் வழக்கம்போல. மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்று ஒருவர். கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க ஓர் அம்மா. தூக்கத்தில் புரண்டு அழுத்திவிட்ட இருவர்.

பிறகு கோவிந்தசாமி அங்கிள். எழுபத்தொன்பது வயது. தனியாக இருப்பவர். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அழுத்துவார். "மணி என்னம்மா?" "மழை நிக்குமா?" எங்கள் தமிழ்ப் பிரிவில் அவர் குரல் தெரியாதவர் இல்லை.

இன்று மணி கேட்கவில்லை. "விழுந்துட்டேம்மா. பாத்ரூம்ல. எவ்ளோ நேரமா அழுத்துறேன், யாருமே எடுக்கலயே."

ஆம்புலன்ஸ் கூப்பிட்டேன். அவர்கள் கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே அவர் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

திரையின் கீழ் மூலையில், பொத்தான் அழுத்திய நேரம் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன். 10.12. நான் எடுத்தது 10.51.

பொத்தானைச் சோதித்துப் பார்த்த அம்மா அழுத்தியது 10.40. அவருக்கு உடனே எடுத்திருக்கிறேன். "நல்லா வேலை செய்யுதே!" என்று சிரித்தார்.

செவ்வாய், 4 நவம்பர்

மழை. துணி காயவில்லை. வீடெல்லாம் ஈரவாடை.

மிஸ் லிம்மிடம் கேட்டேன். எங்கள் பிரிவின் மேலாளர். நல்ல மனுஷிதான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: நேற்றுக் காலை ரொம்ப பிஸி லா. யார் முன்னால், யார் பின்னால் என்பதை சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். நீ எடுக்கிற அழைப்பை நன்றாக எடு, போதும்.

மதியம் கீழே கோப்பிக்கடையில் அருண். சென்னையிலிருந்து வந்து மூன்று வருடம், மென்பொருள் பிரிவு. அவன் எதிரே போய் உட்கார்ந்து, பத்து பன்னிரண்டு, பத்து ஐம்பத்தொன்று என்று சொன்னேன். சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அழுத்தின உடனே உங்ககிட்ட வராது. முதல்ல கணினி ஒரு மார்க் போடும். என்ன வியாதி, என்ன வயசு, அடிக்கடி அழுத்துறவரா, எல்லாம் பாக்கும். சும்மா அழுத்துறவங்களுக்கு மார்க் குறைஞ்சுக்கிட்டே போகும். குறைஞ்சா பின்னாடி போயிடுவாங்க."

"எவ்ளோ பின்னாடி?"

"அதுக்கு எல்லை வைக்கல."

"யாரு வைக்கல?"

"நான்தான்." கரண்டியைக் கீழே வைத்தான். "கெட்ட எண்ணத்துல இல்லக்கா. போன வருஷம் நெஞ்சுவலி வந்தவரு, நூறு பேரைத் தாண்டி முன்னாடி வந்து பொழச்சாரே, அதுவும் இதே கணக்குதான்."

உண்மை. அந்த அழைப்பை எடுத்தது நான். அவர் மனைவி எங்களுக்கு அன்னாசிப்பழ டார்ட் கொண்டுவந்து கொடுத்தார்.

சும்மா அழுத்துகிறார் என்று கணினிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்கதான சொல்றீங்க. அழைப்பு முடிஞ்சதும் ஒரு கட்டத்துல டிக் போடுவீங்களே. 'அவசரமல்ல'னு."

ஒரு நாளைக்கு ஐந்தாறு. இரண்டு வருடம். பாதியாவது என் கைதான்.

மாடிக்கு வந்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. அப்பா. ஈசூனில் தனியாக. அவர் கழுத்தில் இதே பொத்தான். ஊழியர் குடும்பச் சலுகையில் போன வருடம் நானே மாட்டிவிட்டது.

அப்பாவின் மார்க்கைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அருணுக்கு எழுதினேன். "பார்த்தா பதிவாகும்கா. என் வேலை அனுமதி பாஸ் அவங்க கைல" என்று பதில். அடுத்த நிமிடம் அதை அழித்துவிட்டான்.

புதன், 5 நவம்பர்

விடுப்பு. ஈசூன். அப்பாவுக்கு ஈக்கான் பிலிஸ் கருவாடு, ரொட்டி, முட்டை.

பனியனுக்கு வெளியே பொத்தான் தொங்குகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்துவீர்கள் என்று கேட்டேன்.

"எண்ணலயே. ரிமோட் காணலன்னா அழுத்துவேன். அப்புறம் சும்மா, யாராச்சும் பேசட்டுமேன்னு. நல்லா பேசுதுங்கம்மா அந்தப் பிள்ளைங்க."

பொத்தானை நானே அழுத்தினேன். 11.05. சுவரில் இருக்கும் பெட்டி நான்கு மொழியில் சொன்னது, உங்கள் அழைப்பு பதிவாகிவிட்டது என்று. பிறகு ஒன்றுமில்லை.

11.10.

11.16. "ஏம்மா சும்மா அழுத்துற? அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

11.22. குளியலறைத் தரையைப் பார்த்தேன். பழைய வெள்ளை ஓடு. வாசலில் ஒரு படி.

11.31. ராஜி அக்கா. பெட்டியில் அவர் குரல்; வேலையில் என் பக்கத்து நாற்காலிக்காரர். "என்ன அங்கிள், ரிமோட் காணலயா?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒண்ணுமில்லம்மா, மக வந்திருக்கு" என்றார் அப்பா. "சரி அங்கிள், வச்சிடட்டா?"

இருபத்தாறு நிமிடம்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் தோன்றியது. ராஜி அக்கா டிக் போட்டிருப்பார். 'அவசரமல்ல.' இன்னொன்று. என் கையாலேயே அப்பாவை இன்னும் ஒரு படி பின்னால் தள்ளியிருக்கிறேன். இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

வியாழன், 6 நவம்பர்

காலை எட்டரைக்கு எல்லாருக்கும் கூட்டம். அடுத்த செவ்வாய் அரசாங்கக் கண்காணிப்பு அதிகாரிகள் வருகிறார்களாம். கணினியை வைத்து முடிவெடுக்கும் நிறுவனங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறார்களாம். கோவிந்தசாமி அங்கிள் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

நிறுவனத்தின் வக்கீல் பேசினார். மெல்லிய குரல், அழகான கைக்கடிகாரம். வரிசைக் கணக்கு நம் சொத்து. வெளியே போனால் போட்டிக்காரர்கள் நாளைக்கே நகலெடுப்பார்கள். வயதானவர்களுக்குத் தெரிந்தால் எல்லாரும் நெஞ்சுவலி என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் சிரித்தார்கள். கணக்கைக் காட்டவேண்டும் என்று சட்டத்தில் இல்லை, ஆகவே காட்டமாட்டோம்.

ஆளுக்கொரு தாள். "அழைப்புகளின் வரிசை எவ்வாறு அமைகிறது என்பது எனக்குத் தெரியாது." கீழே கையெழுத்து.

திங்கட்கிழமை அது உண்மை. இன்று பொய்.

போட்டேன். எல்லாரும் போட்டார்கள். பேனாவை அடுத்தவரிடம் கொடுக்கும்போது வியர்வையில் வழுக்கியது.

வீட்டுக்கு வந்து கணவர் முரளியிடம் சொன்னேன். "போட்டியா? நல்லது. வாய மூடிக்கிட்டு இரு. நாப்பத்தேழு வயசுல இன்னொரு வேலை யாரு குடுப்பா?" என்றார். திட்டவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் பயம்.

சனி, 8 நவம்பர்

வெயில், ஒரு வழியாக. லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் தீபாவளி அலங்காரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவை: முருங்கைக்காய், கறிவேப்பிலை, ஆட்டிறைச்சி அரைக் கிலோ, அப்பாவுக்கு வழுக்காத செருப்பு, குளியலறைக்கு ரப்பர் விரிப்பு இரண்டு.

தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது முரளி தானாகவே ஆரம்பித்தார். பஸ் பணிமனையில் மெக்கானிக், இருபது வருடம்.

"அந்த வக்கீல் சொன்னத நினைச்சுக்கிட்டே இருந்தேன். எங்ககிட்ட சோதனைக்கு வர்றாங்கல்ல. பிரேக்க கழட்டிப் பாப்பாங்க. பிரேக் எங்க ரகசியம், நீங்க சீட்ட மட்டும் பாத்துட்டுப் போங்கன்னு சொல்ல முடியுமா?"

"அப்போ செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்யட்டும்?"

தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், ஆறின பிறகும்.

திங்கள், 10 நவம்பர்

தலைவலி. சரியான தூக்கமில்லை.

பதினொன்றரைக்கு ஒரு பெண் குரல். கோவிந்தசாமி அங்கிளின் மகள். இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, ஆனால் ஆள் குழம்பிப் பேசுகிறாராம்.

"அப்பா பத்து மணிக்கே அழுத்தினேன்னு சொல்றாரு. நீங்க அனுப்பின ரிப்போர்ட்ல பத்து ஐம்பத்தொண்ணுன்னு இருக்கு. விழுந்த அதிர்ச்சியில மறந்திருப்பாரா? டாக்டர் ஞாபகமறதி சோதனை எடுக்கலாங்கிறாரு."

குடும்பத்துக்குப் போகும் அறிக்கையில் நாங்கள் எடுத்த நேரம் மட்டும்தான். அழுத்திய நேரம் இல்லை. அந்த மனிதர் சொல்வது சரி. இப்போது அவருக்கே மூளை சரியில்லை என்று ஆகப்போகிறது.

எனக்குக் கொடுத்திருந்த வாசகத்தைப் படித்தேன்: உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம், இரண்டு வேலை நாட்களில் தொடர்புகொள்வோம்.

"நன்றி, சிஸ்டர்" என்றார். நன்றி!

கழிப்பறையில் போய் நின்றேன்.

செவ்வாய், 11 நவம்பர்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இரண்டு அதிகாரிகள். தூடோங் முக்காடு அணிந்த மலாய்ப் பெண்மணி, என் வயது இருக்கும். குறிப்பெடுக்க ஒரு சீன இளைஞர். ஓரத்தில் நம் வக்கீல். ஆளுக்குப் பத்து நிமிடம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

அந்த அம்மா என் தாளைத் திருப்பிக் காட்டினார். கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். இதில் எழுதியிருப்பது சரியா?

அப்பாவின் வெள்ளை ஓடு கண்ணில் வந்தது.

சரியில்லை என்றேன்.

வக்கீலின் பேனா நின்றது.

முன்னால் அழுத்தியவர் பின்னால் வருகிறார் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். திரையின் மூலையில் நேரம் இருக்கிறது, கோவிந்தசாமி அங்கிள் விழுந்த அன்று நானே பார்த்தேன், என் அப்பா வீட்டில் அழுத்தியும் பார்த்தேன், இருபத்தாறு நிமிடம். அடிக்கடி பேச வருகிறவர்களுக்கு நாங்கள் போடும் டிக்தான் காரணம் என்று நினைக்கிறேன். அருண் பெயரைச் சொல்லவில்லை.

அந்தக் கணக்கை நாங்கள் பார்க்கலாமா என்று அதிகாரி வக்கீலைக் கேட்டார். திரைகளைக் காட்டுவதற்குத்தான் சம்மதித்தோம், கணக்கைக் காட்ட அல்ல, என்றார் வக்கீல். கோபமே இல்லாமல். அதிகாரி ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். அவ்வளவுதான். காட்டமாட்டேன் என்றால் காட்டவேண்டியதில்லை போலிருக்கிறது.

மூன்று மணிக்கு மிஸ் லிம் லிப்ட் வரை கூடவே வந்தார். சில நாள் ஓய்வெடு, நாங்கள் கூப்பிடுகிறோம். நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார். லிப்ட் கதவு மூடும்போது மெதுவாக, "என் அம்மாவும் போட்டிருக்கிறார், புஷ்பா" என்றார். பொத்தானைத்தான் சொன்னார்.

முரளிக்குச் செய்தி அனுப்பினேன். அரை மணி கழித்து: "சீக்கிரம் வர்றேன். சாப்பிடு."

புதன், 12 நவம்பர்

தெரியாத எண். எடுக்கவில்லை. மறுபடியும். மூன்றாம் முறை எடுத்தேன். அந்த அதிகாரி.

நேற்றுச் சொன்னதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். நிறுவனம் தானாகக் காட்டாவிட்டால் இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வழி குறைவு. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது, அதற்கும் வரிசைக்கும் தொடர்பு இருக்கிறது என்று உள்ளே வேலை செய்கிறவர் எழுதிக்கொடுத்தால், மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் சொன்னார். உறுதி எதுவும் தரவில்லை.

என்மேல் வழக்கு போடுவார்களா என்று கேட்டேன். போடமாட்டார்கள் என்று சொல்ல முடியாது என்றார்.

முரளி: "நான் சொன்னா கேக்கவா போற?" பிறகு, "எழுதினா தேதி, நேரம் எல்லாம் சரியா எழுது."

பைக்குள் இரண்டு நாள் துணி. அப்பாவிடம் இருக்கப் போகிறேன். இங்கே வரச் சொன்னால், சாமி படத்தை யார் பார்ப்பது, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்கிறார்.

வியாழன், 13 நவம்பர்

ஈசூன். மேகமூட்டம். சாப்பாட்டு மேசையில் காலை முழுதும் எழுதினேன். இரண்டு பக்கம். நான் போட்ட டிக்குகள் பற்றியும் எழுதினேன். கோவிந்தசாமி அங்கிளுக்கு ஞாபகமறதி இல்லை என்று கடைசிப் பத்தியில், தனியாக. 12.40க்கு அனுப்பினேன். அனுப்பியதும் திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன். முடியாது.

ரிமோட்டுக்கு இனி அழுத்தாதீங்க என்று அப்பாவிடம் சொன்னேன். காரணமும் சொன்னேன், புரிகிற மாதிரி. கேட்டுக்கொண்டார்.

"அப்போ நீ போனதும் யாருகூட பேசுறது?"

இரண்டரைக்கு அருணிடமிருந்து செய்தி. "அக்கா என் பேர் சொன்னீங்களா?" இல்லை என்று எழுதினேன். மூன்று புள்ளிகள் வந்தன, மறைந்தன, வந்தன. பிறகு:

"சொல்லுங்க. அவங்க கேட்டா நானே திறந்து காட்டுறேன்."

படித்ததும் தெம்பு வந்திருக்கவேண்டும். ஆனால் இனி அவனுக்கும் சேர்த்துப் பயப்படவேண்டும்.

அப்பா குளிக்கப் போனார். புது விரிப்பு போட்டிருக்கிறேன், புதுச் செருப்பும். இருந்தாலும் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை இங்கிருந்துதான் எழுதுகிறேன். குவளைச் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். இப்போது நின்றுவிட்டது.

"அப்பா?"

ஒன்று. இரண்டு. மூன்று. எழுந்துவிட்டேன்.

"இருக்கேன்மா. சோப்புப் போடறேன்."