குடைக்காரர் இல்லாத கல்யாண ஊர்வலம்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், நீயும் அந்தக் குஜராத் மோர்பி வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது பதில் சொல்கிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். உண்மையில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் உன்மேல் ஒரு பிராது கட்டிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன், பெற்ற பிள்ளைமேல் சாமியிடம் பிராது கொடுப்பதா என்று மனசு கேட்காமல் உனக்கே எழுதுகிறேன். நம் தெரு கோகுலகிருஷ்ணன் உங்கள் டைல்ஸ் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தோடு முறுக்கும் எள்ளுருண்டையும் கொடுத்திருக்கிறேன், ரூமில் இருப்பவர்களுக்கும் கொடு. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, சேத்தியாத்தோப்பு வரைக்கும் லோடு வண்டி ஓட்டிப்போய் வருகிறார்.

விஷயம் உன் தங்கச்சியைப் பற்றியது. வருகிற வெள்ளிக்கிழமை வெண்பாவுக்குச் சமூக அறிவியல் பரீட்சை, பத்தாம் வகுப்பில் அதுதான் கடைசி. மற்றதெல்லாம் தேறிவிடுவாள், இந்த வரலாறுதான் அவளை ஆட்டி வைக்கிறது. இதில் போய்விட்டால் நீ படித்த அதே செராமிக் டிப்ளமோவில் இந்த வருஷம் சேர முடியாதே என்று அவளுக்கு ஓயாத கவலை. இரண்டாம் திருப்புதல் தேர்வில் அவள் தேறாதபோது நீ போனில் சொன்னது உனக்கு மறந்திருக்கும். உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு, அம்மாகூட பொம்மைக்குக் கலர் அடிக்கப் போ என்றாய். பொம்மைக்குக் கண் எழுதுவது அவ்வளவு லேசு என்று நினைத்தாயா, அந்தச் சண்டையை நீ ஊருக்கு வந்ததும் வைத்துக்கொள்கிறேன். அன்றையிலிருந்து உன் போன் வந்தால் அவள் அதை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். ஷிப்ட் முடிந்த அலுப்பில் சொல்லிவிட்டாய் என்று எனக்குத் தெரியும் தம்பி, சின்னப் பெண்ணுக்கு அது தெரியாது, ரொம்ப நொந்துபோய்விட்டாள்.

படிக்காமல் இருக்கிறாள் என்று மட்டும் நினைக்காதே. திரும்பத் திரும்பப் படி, முக்கியமானதற்குக் கோடு போடு என்று நீ சொன்னபடிதான் செய்தாள், கோடு போடாத வரியே இல்லாமல் புத்தகமே மஞ்சளாகிவிட்டது. அவள் கத்திப் படித்ததைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளே வேலூர்ப் புரட்சியை ஒப்பிப்பாள். ஆனால் காலக்கோடு வரையச் சொன்னால் இவளுக்கு உப்புச் சத்தியாகிரகம் முன்னால் வரும், வங்கப் பிரிவினை பின்னால் வரும். புஸ்தவத்தைப் பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்குதும்மா, மூடினா ஒண்ணுமே இல்லம்மா என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், கல் அறுக்கும் சத்தம் தாங்கவில்லை. அதனால் சாயங்காலத்தில் எங்கள் பொம்மைக் கம்பெனிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அப்போது கொலுவுக்கான கல்யாண ஊர்வல செட்டு பலகையில் வரிசையாக நின்றது, முன்னால் நாதஸ்வரக்காரர், அப்புறம் தவில்காரர், மாப்பிள்ளை பெண்ணு, குடைக்காரர், கடைசியில் சீர்த்தட்டு தூக்கும் பெண். நாங்கள் பொம்மை அடியில் பென்சிலால் குறி போடுவோம், சூளையில் அது எரிந்துபோகும். இவள் அதைப் பார்த்துவிட்டு நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒவ்வொரு பொம்மைக்கு அடியிலும் ஒரு வருஷத்தையும் நடந்ததையும் எழுதிவிட்டாள், எல்லா எழுத்தும் எரிந்துவிடும் என்று எண்ணம். எழுதியது பென்சிலால் அல்ல, நான் புருவம் எழுதும் சூளைக் கலரால். வெந்து வந்தபோது எழுத்து கல்வெட்டு மாதிரி நின்றது. முதலாளி விருத்தகிரி மாப்பிள்ளை பொம்மையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னாம்மா இது, மாப்புள்ள அடியில ஜாலியன்வாலாபாக்குன்னு எழுதியிருக்குது, இதை எந்த வூட்டுல கொலுவுல வைப்பாங்க என்று கேட்டார். எனக்கு வேலையே போயிற்று என்று நினைத்தேன். அவர் மாப்பிள்ளையைப் பலகையில் வைத்துவிட்டு, குடைக்காரரும் சூளையில வெடிச்சிட்டாரு, இனிமே இது வித்த மாதிரிதான், எடுத்துக்கிட்டு போயி பொண்ணைப் படிக்க வையி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஊர்வலம் நம் அலமாரியில் நிற்கிறது. வெண்பா புத்தகத்தை முதலில் திறப்பதே இல்லை. ஒரு பொம்மையைப் பார்த்து வருஷம் சொல்லி, என்ன நடந்தது, எதனால் நடந்தது, அதனால் பிறகு என்ன ஆயிற்று என்று தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் திருப்பிப் பார்க்கிறாள், தடுமாறிய இடத்துக்கு மட்டும் புத்தகம். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டுக்கொள்கிறாள். அப்பாவும் வண்டியை நிறுத்தியதும் தவில்காரரைத் தூக்கிக்கொண்டு, சொல்லு பாப்பா, இவரு எந்த வருசம் என்கிறார். மூன்றாம் திருப்புதலில் தேறிவிட்டாள். ஆனால் காலக்கோட்டில் 1930 உப்புச் சத்தியாகிரகம் மட்டும் விட்டுப்போயிருந்தது. அதுதான் குடைக்காரர் அடியில் இருந்த வருஷம், அவர் இல்லாத இடத்தில் இவளுக்கும் ஒன்றும் இல்லை.

தம்பி, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிடு. என்ன படித்தாய் என்று கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள். அவள் போனை எடுப்பாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டாலும் கோபப்படாமல் மறுபடி கூப்பிடு. ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் அலமாரியைத் துடைக்கப் போனேன், பெண்ணு மாப்பிள்ளைக்கும் சீர்த்தட்டுப் பெண்ணுக்கும் நடுவில் நீ காலேஜ் யூனிபார்மில் எடுத்த போட்டோ நின்றது. இதென்னடி என்றேன். உப்பு எடுத்த ஊரு அண்ணன் இருக்குற குஜராத்துலதாம்மா இருக்குது, அண்ணன் அங்க நிக்கட்டும் என்றாள். இப்போதெல்லாம் 1930 அவளுக்கு ஒரு நாளும் தவறுவதில்லை.

பழமலைநாதர் உனக்குத் துணையிருப்பார், நீ நீண்ட ஆயுசோடு நல்ல பேரோடு இருக்க வேண்டும். முறுக்கு டப்பாவை ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்துவா.

உன் அம்மா,
பெரியநாயகி