எதிரே இருந்த ஹெல்மெட்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே ஒரு கூத்து நடந்தது, கேள். பாறையேற வருகிறவர்களுக்கு நான் கயிறு பிடிக்கும்போது, அவர்களைப் படமெடுக்க என் ஹெல்மெட்டில் ஒரு குட்டிக் கேமரா இருக்கும். நேற்று அதை அணைக்க மறந்து அறைக்கு வந்தவன், ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் எனக்கு எதிரே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். காலையில் வீடியோ எடிட் செய்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, 'உப்பு போதுமா'ன்னு யாரைக் கேட்டீங்க? ஹெல்மெட்டையா?"

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். பயப்படாதே, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. நானே வைத்த குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு உதவி செய். நீ சாப்பிடும்போது போனை எதிரே சொம்பில் சாய்த்து வைத்து, வீடியோ எடுத்து அனுப்பு. அதற்காகத் தலை சீவ வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நீ பாட்டுக்குச் சாப்பிடு. இங்கே என் தட்டுக்கு எதிரே வைத்துக்கொள்வேன்.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். மறக்காதே, நடுவில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "உப்பு போதுங்க" என்று சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்