அலையாத்தி அடைத்த கதவு

நாள் 203, காலை
செவ்வாய்க் கோள், உப்புநீர்க் கூடம். எழுதுவது ஜெசிந்தா, தாவரவியலாளர். வேறு மனிதர் இல்லை.
அலையாத்தி மரம் இலை வழியே உப்பை வியர்த்துத் தள்ளுகிறது. மூச்சுவிட வேரைச் சேற்றுக்கு மேல் நீட்டுகிறது. சேற்றில் தத்தும் மீன் செவுளில் தண்ணீரை அடைத்துக்கொண்டு கரையேறுகிறது. கெட்டிக்காரக் கூட்டம். எல்லாம் சுகம்.

நாள் 207, மாலை
கூடத்தின் உள்கதவு திறக்கவில்லை. காரணம் நான்தான். அரிசி களைந்த தண்ணீரை வீணாக்க மனம் வராமல், வீட்டுப் பழக்கத்தில் கதவோர அலையாத்திக் கன்றுக்கே ஊற்றி வந்தேன். அது கொழுத்து, கதவு ஓடும் தடத்துக்குள் வேரை இறக்கி இறுக்கிவிட்டது. அரிவாளுக்கு நுனிதான் சிக்குகிறது. மேலே சுற்றும் கப்பலுக்குச் சொன்னேன். அதை ஓட்டும் ரெமிஜியஸ் விழுந்து விழுந்து சிரித்தான். இறங்கி வந்து வெட்டித் தருவானாம்.

நாள் 211, நண்பகல்
புயல். செய்தி அனுப்பும் கோபுரம் சாய்ந்தது. கப்பலில் இருப்பவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது போய்ச் சேரவில்லை. கூரை கிழிந்து காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. ஒட்டுப்போட எதுவும் இல்லை. என் விண்வெளி உடுப்பை வெட்டி ஒட்டினேன். இருந்தது அந்த ஒன்றுதான். காற்று நின்றது. மரம், மீன், நான், எல்லோரும் பிழைத்தோம். ஆனால் உடுப்பு இல்லாமல் வெளியே ஒரு நிமிடம் தாங்கமாட்டேன். பயமாக இருக்கிறது.

நாள் 213, காலை
ரெமிஜியஸ் துணைக்கு ஒருவனோடு இறங்கிவிட்டான். வானொலியில் அவன் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.
"ஜெசிந்தாக்கா, வெளிக்கதவு பொயல்ல போயிருச்சு. உள்கதவ வெட்டுனா காத்து பூரா போயிரும். உடுப்பு போட்டுட்டுத்தான இருப்பிய? போட்டிருந்தா கதவத் தட்டுங்க. சத்தம் இல்லன்னா உடுப்போட மயங்கிட்டியன்னு நெனச்சு வெட்டிருவோம். பயப்படாதிய."
இல்லை, ரெமி. இல்லை.

நாள் 213, சற்றுப் பிறகு
சும்மா இருந்தாலும் வெட்டுவான், தட்டினாலும் வெட்டுவான். ஒளிய இன்னொரு அறை கிடையாது. கூரை ஒட்டைப் பிரித்தால் இப்போதே முடிந்தேன். தட்டினேன். இரண்டு கையாலும், கத்திக்கொண்டே, வெறிபிடித்தவள் மாதிரி தட்டினேன். இப்படித் தட்டினால் ஏதோ தப்பென்று அவனுக்குத் தோன்றாதா?

நாள் 213
"அக்கா தட்டுதாவ! கேக்குதாடே? எம்புட்டுச் சந்தோசம் பாரு அவியளுக்கு! சீக்கிரம் வெட்டுடே!"
கதவின் விளிம்பு சிவக்கிறது.
ரெமி, உடுப்பு கூரையில்