மூடியின் உட்பக்கம்

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் பனி. ஒன்பது மணி வரை ராஜகிரி மலைக்கோட்டை தெரியவில்லை. நேற்றுக் கயிறு கட்டி இழுத்து வந்த வேன் நைனாவின் பட்டறை வாசலில். உள்ளே கட்டில், அடுப்பு, புத்தகங்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த வண்டி. ஓட்டி வந்தவர் மார்ட்டின், ஜெர்மனி, எழுபது இருக்கும். நைனாவுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் மகள் நான், மொழிபெயர்க்க.

என்ஜின் தண்ணீரை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

"எம்மாந் தண்ணி ஊத்துனாலும் குடிச்சிடுது. வுட்டுட்டு பிளேன்ல போவச் சொல்லு."

சொன்னேன். முடியாது என்றார். அவரும் மனைவி ஈவாவும் நான்கு வருஷம் இதில்தான் குடியிருந்தார்கள். போன நவம்பரில், வழியில், ஈவா இறந்துவிட்டார். வண்டிக்கான அனுமதி இந்த மாதக் கடைசி வரை. அதற்குள் சென்னைத் துறைமுகம், கப்பல், வீடு.

நைனா ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "செரி. அவுத்துப் பாக்கலாம்."

பிப். 20, வியாழன்

கேஸ்கெட் எங்கும் இல்லை. நைனா பழையதைக் காட்டி, பாண்டியில் வெட்டி வாங்கி வந்தார்.

டீக்கடை கஸ்தூரி அக்கா: "இன்னாடி, தொர ஊட்டையே ஓட்டிக்கினு வந்துட்டாரு. மாமியா இல்லாத ஊடு. ஒனக்கும் இப்டி ஒண்ணு பாக்கச் சொல்லவா?"

என்ன சொல்கிறார் என்று கேட்டார் மார்ட்டின். வண்டி பிடித்திருக்கிறதாம் என்றேன்.

வாங்க வேண்டியவை: கூலன்ட், ஹோஸ் கிளிப் 2, சந்தனம், எலுமிச்சை 4. நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும்.

பிப். 21, வெள்ளி

காலை ஸ்டார்ட் ஆகிவிட்டது. நைனா சிரித்தார், அதைப் பார்த்து நாளாயிற்று. மார்ட்டின் குளிக்க லாட்ஜுக்குப் போயிருந்தார். நைனா: "நாளிக்கு வண்டிக்குப் பொட்டு வெக்கணும், தொடச்சி வைம்மா."

பட்டறையில் பாக்கி வேலையை வண்டி மேலேயே சாக்பீஸால் எழுதுவது வழக்கம். வேலை முடிந்தால் ஒரு எழுத்து மிஞ்சக் கூடாது. எழுத்தோடு வண்டி வெளியே போனால் வேலை பாதி என்று அர்த்தம், நைனாவுக்கு அவமானம். சின்ன வயதிலிருந்து துடைப்பது நான்தான்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் என்ஜின் மூடி. நைனா அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். உட்பக்கம் முழுக்கப் பென்சிலில் பொடி எழுத்து, எண்கள். வழியில் பார்த்த மெக்கானிக்குகள் எழுதியது என்று நினைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். இரண்டு தடவை. பளபளவென்று.

மதியம் மேல்சித்தாமூர் வரை சோதனை ஓட்டம், நாங்கள் மூவரும். சூடு ஏறவில்லை. மரத்தடியில் நிறுத்தி டீ. மார்ட்டின் மூடியைத் தட்டிக் காட்டினார். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஈவா இதன் உட்பக்கத்தில் ஊர்ப் பெயர், கிலோமீட்டர், அன்றைக்குப் பார்த்தது ஒன்று என எழுதுவாராம். ஈவாவின் கையெழுத்து வேறு எதிலும் இல்லை. "கப்பலில் நான் ஏற்றுவது இதைத்தான். வண்டி சும்மா கூட வருகிறது."

"இன்னாம்மா சொல்றாரு?"

"வண்டி நல்லா ஓடுதாம், நைனா."

இவ்வளவு படித்தவள். எழுத்து என்று தெரிந்துதான் துடைத்தேன்.

பிப். 22, சனி

ஐந்து மணிக்கே பட்டறைக்குப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் மூடியைச் சாய்த்துப் பார்த்தால் பென்சில் அழுத்திய தடமாவது தெரியலாம். வேன் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தூங்குகிறார். திரும்பிவிட்டேன்.

எட்டரைக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை. மார்ட்டின் நெற்றியிலும் ஒரு பொட்டு. சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒம்போதுக்கு ராகு காலம், இன்னா நின்னுக்கினு? கெளம்பச் சொல்லு. திண்டிவனத்துல ஓரங்கட்டி, என்ஜின் மூடியத் தொறந்து தண்ணி பாக்கணும். அத்த மறக்காம சொல்லும்மா."

வார்த்தை மாறாமல் சொன்னேன். மார்ட்டின் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி என்றார், தமிழில்.

9.20. அவர் நம்பர் இருக்கிறது. திண்டிவனத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டராவது இருக்கும்.

9.40. நான் கூப்பிடவில்லை.