தம்பி காரின் விசிறி

அன்பு மகள் பிரவீனாவுக்கு, உலு திராமிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவள் லோஷினியும் அப்படியே இருக்க முருகன் துணை. போன் இருக்கும்போது இந்த மனிதருக்குக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மா பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாத சங்கதி, அதனால்தான்.

உன் தம்பி கமலநாதன் படகு கவிழ்ந்து இறந்துபோன பிறகு, மெர்சிங் படகுத்துறையில் நின்றிருந்த அவன் காரை நானும் ஜெயபாலன் சித்தப்பாவும் போய் ஓட்டி வந்தது உனக்குத் தெரியும். கருமாதிக்கு வீடு முழுக்கக் கழுவினோம், அவன் துணிமணிகளைக் கொடுத்துவிட்டோம், காரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. போன மாதம் அதன் குளிர்காற்று தரும் ஏர்கோன் விசிறியில் கடகடவென்று சத்தம் வந்தது, கூடவே கடல் வாடை, தூண்டில் போட்டுவிட்டு வந்து வாசலில் நிற்பானே, அதே வாடை. அன்றிலிருந்து அம்மா விளக்கு ஏற்றியதும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்ஜினைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தம்பி வந்திருக்கான், நீங்க போட்டுச் சாப்பிடுங்க என்பாள். உன் மகன் ஏர்கோன் இல்லாம வரமாட்டானா என்று நானும் கிண்டல் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. ஒரு நாள் உள்ளேயே மயங்கிக் கிடந்தவளைப் பக்கத்து வீட்டுப் பிரேமலாதான் வெளியே இழுத்துப் போட்டாள். போர்ச் பூரா புகை அங்கிள், நான் பார்க்காம போயிருந்தா என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள்.

வொர்க்‌ஷாப்பில் காரை விட அம்மா சம்மதிக்கமாட்டாள் என்று, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நானே பிரிக்க உட்கார்ந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, இடப்பக்கம் சாமான் வைக்கும் பெட்டியை இறக்கி, இந்தத் தொப்பையோடு கீழே படுத்துக்கொண்டு ஸ்க்ரூக்களை எடுப்பதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விசிறி கையோடு வந்தது. தகடுகளுக்கு நடுவே மணல், காய்ந்த சவுக்கு இலை, அச்சில் சுற்றிக்கொண்டு ஒரு முழம் தூண்டில் நரம்பு, அந்தப் பெட்டிக்குள் கண்டதையும் திணித்து வைப்பான் இல்லையா. சத்தத்துக்கும் வாடைக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக வாளியில் சோப்பு கலக்கினேன். அப்போது பார்த்து அம்மா வந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. வீட்டையெல்லாம் கழுவி அவன அனுப்பிட்டீங்க, இதையும் கழுவிட்டா அவன் எங்க போவான் என்று மெதுவாகக் கேட்டு, விசிறியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இப்போது அது மணலும் நரம்புமாகத் தம்பி படத்துக்குக் கீழே வெள்ளைத் துணியில் இருக்கிறது. அம்மா காருக்குள் போவதை நிறுத்திவிட்டாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். அது போதும் என்று இருந்தேன்.

நேற்று மாலை காரைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தலாம் என்று பேட்டரியை மாட்டி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். விசிறி இல்லாத அந்த ஓட்டையிலிருந்து காற்று வந்தது, பிரவீனா. கையை நீட்டிப் பார்த்தேன், குளிர்ந்தது. அதே வாடை. வெளியே ஒரு இலை அசையவில்லை. பயந்து இறங்கி ஓடியிருக்க வேண்டும், எனக்குப் பயமே வரவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. இன்றும் போனேன்.

அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே, தெரிந்தால் மறுபடியும் போய் உட்கார்ந்துவிடுவாள். காரை விற்றுவிடுங்கள் என்பாய், நியாயம்தான், சாவியை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், லோஷினிக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நூறாண்டு நிறைவாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று மட்டும் செய் மகளே. தினமும் இங்கே விளக்கேற்றும் நேரத்துக்குப் போன் போட்டு, அப்பா வீட்டுக்குள் இருக்கிறாரா என்று அம்மாவிடம் கேள்.

உன் அப்பா,
ராஜசேகரன்