ரீகா நகரத்து மேயர்களும் உன் கடிதமும்

மச்சான்,

ஜெர்மனியில் இந்த ஹம் நகரத்து ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற விளக்குக் கம்பங்களில் எல்லாம் மேயர் தேர்தல் படங்கள் தொங்குகின்றன. நேற்று அதில் ஒன்றின் முன்னால் என் கால் தானாக நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் ஒவ்வொரு முகத்தையும் அண்ணாந்து பார்த்து, "இந்தாள் ரீகாவில எண்டால் எத்தினை நாள் தாக்குப்பிடிச்சிருப்பார்?" என்று கேட்டிருப்பாய். நான் சலித்துக்கொண்டு உன் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். நேற்று இழுப்பதற்கு ஆள் இல்லை. என்னுடைய பஸ் போன பிறகுதான் அந்த இடத்தை விட்டு அசைந்தேன்.

யாழ்ப்பாணத்தானுக்கு லாத்வியாத் தலைநகரத்து மேயர்கள் மேல் ஏன் இவ்வளவு பித்து என்று இங்கே எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நீ சிரித்து மழுப்புவாய். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்களை மொஸ்கோ வழியாகக் கொண்டுவந்து ரீகாவில் ஒரு வெற்று மாடிவீட்டில் விட்டுப்போனான். ஐந்து மாதம் இரண்டு பேரும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். பிறகு ஒரு மத்தியானம், பனி கொட்டிக்கொண்டிருக்க, ஜெர்மனிக்குப் போகிற வான் வந்தது. ஒருவருக்குத்தான் இடம் என்றான் அதை ஓட்டிவந்தவன். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீதான் என் பையை எடுத்து என் தோளில் மாட்டினாய். "நீ கலியாணம் முடிச்சு ஆறு மாசம்தானே, ஊரில அவள் காத்திருப்பாள். போ. போய்ச் சேர்ந்து விலாசம் எழுது" என்றாய்.

எழுதினேன். ஜெர்மனியில் அகதி விடுதிக்கு வந்த முதல் கிழமையே ஒரு தபாலட்டையில் என் விலாசத்தை எழுதி அனுப்பினேன். அதோடு சரி.

அதற்குப் பிறகு நீ அங்கே பட்டதை, பின்னாளில் நீ சொல்லித்தான் அறிந்தேன். வீட்டில் சூடு இல்லாததால் பகலெல்லாம் நகர நூலக வாசிப்பறையில் போய் இருந்திருக்கிறாய். ஜெர்மன் படிக்க ஏதாவது தாருங்கள் என்று கேட்டதற்கு, அங்கே வேலை செய்த ஒரு அம்மா தடித்த பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ரீகாவை ஒரு காலம் ஜெர்மன் வணிகர்கள் ஆண்டார்களாம். அது அவர்களுடைய மேயர்களின் வரலாறு. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுவதும் எழுத்துக் கூட்டி வாசித்தாய். ஜெர்மனிக்கு நீ வந்தபோது உன் வாயில் இருந்தது அந்தப் புத்தகத்தின் பாஷை. விசாரணை அதிகாரியைப் பார்த்து, "மேன்மை தங்கிய சபையோரே" என்கிற மாதிரி நீ தொடங்க, அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

வாரநாட்களில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக் குசினி மேசையில் கொப்பியை விரிப்பாய். ஒரே நேரத்தில் நாலு மேயர்கள் இருந்த காலம், போலந்து அரசன், சுவீடன் அரசன், ரஷ்யச் சக்கரவர்த்தி என்று எசமானர்கள் மாறிய காலம், லாத்வியர்களே மேயராக வந்த காலம், போரில் நகரமண்டபம் எரிந்த காலம். எல்லாவற்றையும் தமிழில் எழுதினாய். என் மனைவி தேத்தண்ணி வைத்துக்கொண்டே கேட்பாள். நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவேன்.

ரீகாவில் பழைய நாட்காட்டியை மாற்றிப் பத்து நாளைக் கழித்தபோது நடந்த கலகத்தை நீ சொன்னது மட்டும் எனக்கு மறக்கவில்லை. "பத்து நாளைக் காணேல்லை எண்டு சனம் மேயர் வீட்டை உடைச்சுதாம். எங்களுக்கு எத்தினை வருசத்தைக் காணேல்லை! நாங்கள் ஆரின்ர வீட்டை உடைக்கிறது?" என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்து வெளியே போனேன்.

ஜெர்மன் பாஸ்போட் கிடைத்ததும் ரீகாவை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று கூப்பிட்டாய். லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது. நீ தனியாகப் போய், பூங்காவில் மனைவியோடும் நாயோடும் நடந்து போகிற ஒரு பழைய மேயரின் சிலையைப் படம் எடுத்து வந்தாய். "வாளும் இல்லை, குதிரையும் இல்லை. நாயோட நடக்கிறார். இப்பிடி ஒராளுக்குக் கீழ இருந்திருக்கவேணும் மச்சான்" என்றாய். படத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். என் தபாலட்டை கிடைத்து, வாசிப்பறையில் இருந்து நீ கடிதம் எழுதினாய் அல்லவா? அது விடுதிக்கு வந்தது. "ஒரு வழக்கறிஞரிட்டை எனக்காகக் கேட்டுப்பார். ஏலாதெண்டால் ஏலாது எண்டாவது எழுது. இஞ்ச கதைக்க ஒருத்தரும் இல்லை." நான் விமானத்தில் நேரே வந்ததாக என் அன்ராக்கில், அந்த அகதி விண்ணப்பத்தில், எழுதியிருந்தேன். ரீகா முத்திரையோடு கடிதப் போக்குவரத்து இருப்பது தெரிந்தால், பொய் பிடிபட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விடுதியில் ஒருவர் சொன்னார். உன் கடிதத்தை மூன்று நாள் சப்பாத்துக்குள் வைத்திருந்தேன். நாலாம் நாள் கிழித்தேன். அடுத்த குளிர்காலமும் கழிந்துதான் நீ வந்து சேர்ந்தாய், ஒருவர் உதவியும் இல்லாமல், மெலிந்து.

இந்த மாசியில் வைத்தியசாலையில் உன் பக்கத்தில் இருந்தேன். சலரோகம், அந்தச் சீனி வருத்தம், உன் கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. கொப்பியை வாசிக்கச் சொன்னாய். இத்தனை வருடத்தில் நான் அதைத் திறந்தது அன்றைக்குத்தான். ஜெர்மன் பெயர்களில் நான் தடக்குப்பட, நீ கண்ணை மூடிக்கொண்டே திருத்தினாய். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கொப்பியை மூடினேன்.

"மச்சான், ரீகாவில இருந்து நீ..."

"நான் கேக்கேல்லைத்தானே?" என்றாய்.

"இல்லை. ஆனா..."

"கேக்கவும் மாட்டன். நீ வாசி."

வாசித்தேன். சோவியத் காலத்துத் தலைவர்களுக்கு வரும்போது நீ நித்திரையாகிவிட்டாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. இரண்டாம் நாள், நீ போய்விட்டாய் என்று வைத்தியசாலையில் இருந்து அழைத்தார்கள்.

மனைவி இறந்து நாலு வருடம். மகள் டிரெஸ்டன் நகரத்தில், ஞாயிறுகளில் போன் எடுப்பாள், "சாப்பிட்டீங்களோ அப்பா?" என்பாள், "ஓம்" என்பேன். மற்ற நாட்களில் தபாற்பெட்டியைத் திறக்கிறபோது மட்டும் ஒரு வேலை இருக்கிறது. எனக்கு வருகிற எல்லாவற்றுக்கும் அன்றன்றே பதில் போடுகிறேன். காப்புறுதிக் கம்பனிக்கு, கண் வைத்தியர் நேரம் குறித்து அனுப்புகிற டெர்மினுக்கு, பதில் தேவையில்லை என்று அச்சடித்திருக்கிற கடிதங்களுக்கும்கூட.

ரீகாவில் இருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது, மச்சான். கிடைத்த அன்றே வாசித்தேன்.