கழுத்துக்குக் கீழே சிந்துஜன்

திருகோணமலை,
ஞாயிறு காலை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லக் கீர்த்தனி எழுதுவது. நாங்கள் நலம், நீங்களும் டோஹா வெயிலில் கருவாடாகாமல் நலமாக இருக்க வேண்டுமென்று அம்மா சல்லிக் கோயில் முத்துமாரி அம்மனுக்கு நேர்ந்துவிட்டா. போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டு மறந்துவிடுவீர்களாம், தாளில் எழுதினால் மறக்க ஏலாதாம். அம்மாவின் கை குசினியில் மிளகாய்த்தூள் கட்டுகிறது, படத்தைக் கெடுத்த கையே கடிதத்தையும் எழுதட்டும் என்பது எனக்குக் கிடைத்த தண்டனை. சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்பது கட்டளை. நான் என் நியாயத்தையும் இடையிடையே செருகுவேன், அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது, கண்ணாடி இப்போது என் கதிரைக்குக் கீழே இருக்கிறது.

நிவேதிகா அக்கா இறக்கக்கண்டியில் மாமியாரிடம் மீன் வெட்டப் பழகுகிறா, பத்து விரலும் இன்னும் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் நோ, துறைமுக வேலைக்குப் போனால் நோவாதாம், கடைக்குப் போகச் சொன்னால்தான் நோகுமாம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னா. தலை என்றதும் ஒரு பெருமூச்சும் விட்டா, ஏனென்றால் இன்றைக்கு இந்த வீட்டின் தலையாய பிரச்சினை உங்கள் தலைதான்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு படக் கூட்டத்துக்குப் போகிறேன். கடைத்தெருவில் போட்டோக்கொப்பிக் கடையின் பின்னறை, ஏழெட்டுப் பேர், கிம்ப் என்று ஒரு மென்பொருள், அதுவும் இலவசம், வகுப்பும் இலவசம். ஒரே சட்டம், இந்தக் கிழமை பழகியதை அடுத்த கிழமை இன்னொருவருக்குப் பழக்க வேண்டும். பழைய படங்களில் பூஞ்சணம் துடைப்பதில் முனீப் நானா மன்னன், அவரிடம் பழகிக்கொண்டு நான் ஒரு அன்ரியின் பருவை எடுக்கப் போய் மூக்கையும் எடுத்துவிட்டேன், மூக்குத்தி மட்டும் அந்தரத்தில் நின்றது. கிண்ணியாவில் இருந்து வரும் றுமானா அக்காதான் எங்களுக்கு எல்லாம் காட்டித் தருபவ.

அக்காவின் கலியாணத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை அல்லவா, மூன்று நாளுக்கு முன் அம்மா தம்பலகாமத்துக்கு ஓடிப்போய்ப் பெரியம்மாவின் காலில் விழாத குறையாகக் கேட்டு, அவவின் மகன் சிந்துஜன் அண்ணா அறுவடையை விட்டுவிட்டு வந்து உங்கள் இடத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றார். மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரமும் வாங்கினார். ஆனால் படத்தில் கண்ணை மூடி வாயைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் பாரை மீன் மாதிரி. அதைப் பார்த்து அம்மா "இதில தம்பி நிண்டிருந்தா எப்பிடி இருக்கும்" என்று ஒரு சொல் சொன்னா, அவ்வளவுதான், நான் கணினியில் குந்தினேன். வாழைமரத்துக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்த இடம் இருந்தது. றுமானா அக்காவும் சொன்னவ, "ஆளைச் சேர், ஆளை எடுக்காத, படத்தில நிக்கிற எல்லாருக்கும் ஒரு உம்மா, ஒரு அம்மா இருக்கு" என்று. ஆனால் என்னிடம் இருந்தது உங்கள் விசாப் படம் ஒன்றுதான், அதில் உங்களுக்குக் கால் இல்லை. ஆகவே தோழனின் தலைப்பாகைக்குக் கீழே உங்கள் முகத்தை வைத்து, கழுத்தின் நிறத்தைச் சரிசெய்து, நாலு மணித்தியாலத்தில் உங்களைக் கலியாணத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மா பார்த்தா, அழுதா, பெரிதாக அச்சடித்து விறாந்தைச் சுவரில் கொழுவினா. நான் செய்த பகிடிகளில் ஆள் அழுதது அதுதான் முதல்.

அடுத்த வெள்ளி பெரியம்மா தயிர்ச் சட்டியோடு வந்தா. படத்துக்கு முன்னால் நின்றா, கிட்டப் போனா. தோழனின் பெருவிரலில் ஒரு நீலத் துணிக் கட்டு. உழவு இயந்திரத்தில் நசுங்கிய விரலுக்குக் கலியாணத்தன்று விடியத் தன் பழைய சேலையைக் கிழித்து அவவே கட்டிவிட்டதாம். முகத்தை மாற்றியவளுக்கு விரல் கண்ணில் படவில்லை. "கமலம்," என்றா அம்மாவைப் பார்த்து, "கழுத்துக்குக் கீழ நிண்டு வேலை செய்ய என்ர பிள்ளை, கழுத்துக்கு மேல சிரிக்க உன்ர பிள்ளையோ?" பெரியம்மா தயிர்ச் சட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டா. ஒருநாள்கூடக் கதைக்காமல் இருந்தறியாத அக்காவும் தங்கையும், இன்றைக்கு மூன்று கிழமை. அம்மா எடுத்தால் அங்கே போன் அடித்து ஓய்கிறது. அம்மாவுக்குச் சோறு இறங்குதில்லை, பகிடியில்லை அண்ணா.

ஒரு படத்துக்கு மேல் இன்னொன்றை வைத்தால் கீழ் அடுக்கை அழிக்காதே, மூடித்தான் வைக்க வேண்டும் என்று றுமானா அக்கா முதல்நாளே பழக்கியது நல்லதாய்ப் போயிற்று. உங்கள் தலை இருந்த அடுக்கை அணைத்தேன், சிந்துஜன் அண்ணா அடியில் அதே பாரை மீனாகப் பத்திரமாகக் கிடந்தார். போன சனி ஆளே கூட்டத்துக்கு வந்து நின்று "எங்கயடி என்ர தலை?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு, கண்ணைத் திறக்க வழி இருக்கோ?" என்றார். சட்டப்படி நான் பழக்க, கலியாணத்தன்று எடுத்த இன்னொரு படத்திலிருந்து தன் கண்ணைத் தானே எடுத்து வைத்தார், முதலில் ஒரு கண் நெற்றிக்குப் போய்விட்டது. இரண்டு படம் அச்சடிக்கக் கொடுத்தோம், ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. அவர்களுடையதைச் சிந்துஜன் அண்ணா அன்றைக்கே கொண்டுபோய்க் காட்ட, பெரியம்மா வாங்கிக் கொழுவினாவாம். அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும், "தலைக்குச் சொந்தக்காரன் முதல்ல வாயைத் திறக்கட்டும்" என்றிருக்கிறா.

ஆகவே அண்ணா, இதைப் படித்ததும் பெரியம்மாவுக்கு எடுங்கள், ஆறு மணிக்குப் பிறகு, அதுவரை வயலில் நிற்பா. என்ன சொல்வதென்றும் அம்மா சொல்கிறா: "நன்றியெண்டு சொல்லாத, அது பிறத்தியாருக்குச் சொல்லுறது. நான் நிக்க வேண்டிய இடத்தில அவன் நிண்டவன், கால் கழுவினது அவன்ர கை எண்டு சொல்லு. பிறகு அவ ஏசுவா, ஏசி முடியிற வரைக்கும் போனை வைக்காத."

பொதியை றுமானா அக்காவின் தம்பி இக்ராம் கொண்டுவருவார். மிளகாய்த்தூள், கருவாடு, கடைசியில் பேப்பரில் சுற்றி, உங்கள் தலை வைத்த படம், சட்டத்தோடு. இன்று காலை அம்மாவே கதிரையில் ஏறிக் கழற்றினது. நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. "வந்த பிள்ளை சுவரில நிக்கட்டும், வராத பிள்ளையின்ர படத்தை அவனே வச்சிருக்கட்டும்" என்றா. சுற்றுமுன் முந்தானையால் உங்கள் முகத்தை மட்டும் துடைத்தா. எங்கள் புதுப் படம் சட்டம் போட்டு நாளைக்குத்தான் வரும், அதுவரை ஆணியில் அப்பா தொப்பி கொழுவுகிறார்.

வெயிலில் அலையாதே, உன்ர உடம்பைப் பார்த்துக்கொள், முத்துமாரி உன்னைக் கைவிடமாட்டா என்று அம்மா ஆசீர்வதிக்கிறா. கடைசியாக இதைப் பெரிய எழுத்தில் எழுதட்டாம்: லீவைக் கேள் தம்பி, ஒருக்கா உன்ர உடம்போட வந்து நில்.

சொன்னது: அம்மா, கமலேஸ்வரி
எழுதியது: கீர்த்தனி